இரவில் ஒன்றும் சாப்பிடவில்லை, விடியச் சீனி ஏன் கூடுகிறது? மூளையும் சலரோகமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் இருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. அம்மாவுக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, வந்து 17 வருடம். கிளினிக் வாங்கில் அம்மாவோடு காத்திருந்த நாள்களில் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டதும், வகுப்பில் பிள்ளைகள் கேட்டதும், வீட்டில் நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் இங்கே இருக்கின்றன. மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் டொக்டரின் வேலை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் எல்லோருக்கும் உரியது.

சலரோகம் சதையியின் வருத்தம்தானே? மூளைக்கு இதில் என்ன வேலை?

சதையி (கணையம் என்றும் சொல்வார்கள்) போதிய இன்சுலின் சுரக்காவிட்டால், அல்லது சுரந்த இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாவிட்டால், சலரோகம் வரும். அதில் சந்தேகமில்லை. ஆனால் சதையி தனியாக நின்று வேலை செய்வதில்லை.

நம் பக்கத்து வயலை நினைத்துப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்திலோ சேனநாயக்க சமுத்திரத்திலோ தண்ணீர் நிறைந்திருந்தால் மட்டும் வேளாண்மை விளைந்துவிடாது. எந்த வயற்கண்டத்துக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது பூட்டுவது என்று பார்த்து நடத்த வட்டவிதானையார் வேண்டும். உடம்பில் ஈரல்தான் குளம். சாப்பாட்டில் வந்த சீனியைக் கிளைக்கோசனாகக் கட்டி ஏறக்குறைய 100 கிராம் வரை சேமித்து வைக்கும். சதையி சுரக்கும் இன்சுலின் அந்தக் குளத்தின் மதகைப் பூட்டும். அதே சதையி சுரக்கும் குளுக்ககன் திறக்கும். வட்டவிதானையாரின் இடத்தில் இருப்பது மூளை. குறிப்பாக, அதன் அடிப்பாகத்தில் ஏறக்குறைய 4 கிராம் எடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பரிவகக்கீழ். டொக்டர்மார் இதை ஹைப்போதலமஸ் என்பார்கள். அங்கிருந்து நரம்பு வழியாக ஈரலுக்கும் சதையிக்கும் உத்தரவு போகிறது. கபச் சுரப்பி, அதிரீனல் சுரப்பி வழியாக ஹோர்மோனாகவும் போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1849இல் பிரான்சில் குளோட் பெர்னாட் என்ற உடற்றொழிலியலாளர் ஒரு முயலின் மூளையின் அடியில், நான்காம் அறை என்று சொல்லும் இடத்தின் தரையில், ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சீனி வந்தது. சதையியை அவர் தொடவே இல்லை. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த அற்புதத்துக்குப் பிறகு எல்லோருடைய கண்ணும் சதையியின் மேல் போனது. மூளையின் பங்கு நெடுங்காலம் பின்னுக்குப் போய்விட்டது. கடந்த முப்பது வருடமாகத்தான் அதைத் திரும்பத் தீவிரமாகப் பார்க்கிறார்கள்.

மூளைக்கு ஏன் சீனி மேல் இவ்வளவு அக்கறை?

அதன் வயிற்றுப்பாடு அதுதான். மூளையின் எடை உடம்பின் எடையில் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ். அப்புறம், மூளையிடம் சேமிப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தசை தனக்கென்று கிளைக்கோசன் வைத்திருக்கிறது, கொழுப்பையும் எரிக்கிறது. மூளை இரத்தம் கொண்டுவருவதை அப்போதைக்கப்போது வாங்கிச் சாப்பிடுகிறது.

அந்த இரத்தத்தில் ஒரு நேரத்தில் எவ்வளவு சீனி இருக்கும் தெரியுமா? ஒரு வளர்ந்த ஆளின் உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் 4, 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி. மூளை மட்டும் மணிக்கு அதே அளவைத் தின்கிறது. ஈரல் நிரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் ஒரு மணித்தியாலம் தாங்காது. இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போடும்போது பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். எனக்கும் ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

அப்படியென்றால் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுக்கலாமா?

வேண்டாம். சோறு, பிட்டு, கிழங்கு எதைச் சாப்பிட்டாலும் குளுக்கோஸ் வரும். மூளை தனக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளியும் எடுக்காது. காலைச் சாப்பாட்டைத் தவறவிடாமல் கொடுங்கள், அது போதும்.

மூளைக்கு இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

பரிவகக்கீழில் சில நரம்புக் கலங்கள் குளுக்கோஸ் கூடினால் சுறுசுறுப்பாகும். சில, குறைந்தால் சுறுசுறுப்பாகும். 1964இல் ஜப்பானில் ஊமுறாவின் குழுவும், டில்லியில் பால் கிருஷன் ஆனந்தின் குழுவும் நுண்ணிய மின்முனைகளை வைத்து இதைத் தனித்தனியாகக் காட்டினார்கள். பசியைத் தூண்டும் பகுதி பரிவகக்கீழின் பக்கவாட்டில் இருக்கிறது என்று 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புறோபெக்கோடு சேர்ந்து கண்டவரும் இதே ஆனந்த்தான்.

மூளை தன் வாசலில் மட்டும் பார்ப்பதில்லை. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் போகும் குழாயிலும் உணரிகள் உண்டு. அங்கிருந்து செய்தி நரம்பு வழியாக மேலே போகிறது. சாப்பாடு வருகிறது என்ற செய்தியை மூளையும் முந்திக்கொண்டு கீழே அனுப்பும். மீன் குழம்பு கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறி, முதல் கவளம் நாக்கில் பட்டதுமே, வேகஸ் நரம்பு சதையியைத் தட்டி எழுப்புகிறது. இரத்தத்தில் சீனி ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் இன்சுலின் சுரந்துவிடும்.

மூளைக்குள் சீனி போக இன்சுலின் வேண்டுமா?

தேவையில்லை. மூளையின் வாசலில் இருக்கும் கடத்திகள் இன்சுலினைக் கேட்காமலே குளுக்கோஸை உள்ளே விடும். தசைக்கும் கொழுப்புக்கும்தான் இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் மூளை இன்சுலினைச் செய்தியாக வாசிக்கிறது: இன்சுலின் கூடியிருந்தால், வீட்டில் சாப்பாடு வந்திருக்கிறது, ஈரலே நீ வெளியே விடுவதைக் குறை, பசியே நீ அடங்கு என்று. 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வில், நரம்புக் கலங்களில் இன்சுலின் ஏற்பி, அதாவது இன்சுலினின் செய்தியை வாங்கும் புரதம், இல்லாமல் வளர்த்த எலிகள் கொழுத்தன. அவற்றின் உடம்பு இன்சுலினுக்கு மசிவதும் குறைந்தது.

இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது. விடியப் பார்த்தால் படுக்கும்போது இருந்ததைவிடக் கூட. எப்படி?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததும் இதனால்தான்.

அம்மாவுக்குப் படுக்கும்போது 130 இருக்கும், விடிய 170 இருக்கும் (இந்தப் பக்கத்தில் இரத்தச் சீனியின் எண்கள் எல்லாம் mg/dL கணக்கில்). சாமத்தில் எழும்பி எதையோ எடுத்துச் சாப்பிடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். தயிர்ச் சட்டியைப் பூட்டி வைத்தேன், கருப்பட்டிப் போத்தலை ஒளித்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தொடங்கி இரவுச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். அப்போதும் விடிய 168. படிப்பிப்பது உயிரியல், வீட்டில் செய்தது இது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நடப்பது இதுதான். பரிவகக்கீழில் உடம்பின் மணிக்கூடு இருக்கிறது. விடியச்சாமம் மூன்று, நான்கு மணி தொடக்கம் அது உடம்பை எழும்புவதற்குத் தயாராக்குகிறது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் ஏறத் தொடங்கும். இரவில் சுரந்த வளர்ச்சி ஹோர்மோனின் வேலையும் அந்நேரம் தெரியும். இரண்டும் ஈரலிடம், சீனியை வெளியே விடு, ஆள் எழும்பப் போகிறார் என்று சொல்கின்றன. எல்லோருக்கும் இது நடக்கிறது. சலரோகம் இல்லாதவரின் சதையி அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டிச் சமப்படுத்திவிடும். இருப்பவரின் சதையியால் முடியாது. ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காது. அதனால் வாய்க்குள் ஒன்றும் போகாமலே சீனி ஏறும்.

வீட்டில் விடியச் சீனி கூடியிருந்தால், களவாகச் சாப்பிட்டாயா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். குளுக்கோமீற்றர் இருந்தால் இரண்டு மூன்று நாள் படுக்கும்போதும், சாமம் மூன்று மணிக்கும், எழும்பியதும் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று மணிக்கு மிகக் குறைவாக இருந்தால் கதை வேறு, மருந்து கூடியிருக்கலாம். அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அம்மாவுக்கு மாத்திரை போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது விடிய 125, 130இல் நிற்கிறது.

சீனி இறங்கினால் ஏன் கை நடுங்குகிறது, வியர்க்கிறது?

வட்டவிதானையார் பறை தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சீனி 80ஐ ஒட்டி இறங்கும்போதே இன்சுலின் குறையும். 70க்குக் கீழே போகும்போது குளுக்ககனும் அட்ரினலினும் ஏறும். இன்னும் இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசி கொல்லும். அது அட்ரினலினின் வேலை. 55க்குக் கீழே போய்விட்டால் மூளைக்கே தட்டுப்பாடு. பேச்சுக் குழறும், கண் மங்கும், கோபம் வரும், ஆள் தள்ளாடுவார், சொல்வது விளங்காது. அதற்கும் கீழே வலிப்பு, மயக்கம்.

படுவான்கரைப் பக்கம் ஒரு பெரியவர், விடிய ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வயலுக்குப் போய், பத்து மணிக்கு வரம்பில் தள்ளாடி விழுந்தார். கண்டவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து மர நிழலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல காலம், பேரன் தேத்தண்ணி கொண்டு வந்தான். பிழைத்தார். அப்படி ஒருவரைக் கண்டால் முதலில் சலரோகத்தை நினையுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஆள் நினைவாக இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பச் சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் இன்னொரு தரம். ஏறிய பிறகு பாணோ சோறோ ஏதாவது சாப்பிட வேண்டும். சொக்லேட்டை நம்பாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும்தான் இந்த ஆபத்து அதிகம். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்குவது அரிது. வயலுக்கோ வாவிக்கோ கடலுக்கோ போகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி வைத்திருக்க வேண்டும். தோணியில் போகிறவர் அதைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டிவையுங்கள்.

எனக்கு 50க்கு இறங்கினாலும் ஒன்றும் தெரிவதில்லை. உடம்பு பழகிவிட்டது, நல்லதுதானே?

நல்லதில்லை. திரும்பத் திரும்பச் சீனி இறங்கினால் மூளை அதற்குப் பழகி, பறை தட்டுவதையே தாமதப்படுத்திவிடும். நடுக்கமோ வியர்வையோ இல்லாமல் நேரே மயக்கத்துக்குப் போகலாம். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளும், பீற்றா தடுப்பான்கள் என்பவை, படபடப்பை மறைத்துவிடும். ஆறுதலான செய்தி என்னவென்றால், சில வாரம் சீனி இறங்கவே விடாமல் கவனமாக இருந்தால் பலருக்கு அந்த எச்சரிக்கை திரும்பி வருகிறது. இதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாகனம் ஓட்டுகிறவர் இன்றைக்கே சொல்லுங்கள்.

கவலைப்பட்டால் சீனி கூடுமா?

கூடும். பயம் வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைக்கு எரிபொருள் வேண்டும் என்று மூளை நினைக்கிறது. அட்ரினலினும் கோர்ட்டிசோலும் ஏறி, ஈரல் சீனியை வெளியே விடும். முன்னால் பாம்பு நின்றால் நீங்கள் ஓடுவீர்கள், சீனி செலவாகிவிடும். கடன் தவணையை நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தால் அது இரத்தத்திலேயே நிற்கும். காய்ச்சல், சத்திரசிகிச்சை, ஸ்டெரொயிட் மாத்திரை இவற்றாலும் கூடும்.

1978 சூறாவளி, போர், 2004 சுனாமி என்று மூன்றையும் பார்த்த தலைமுறை இந்தக் கரையில் இருக்கிறது. கடல் கொஞ்சம் இரைந்தாலே இன்னும் நித்திரையில் இருந்து திடுக்கிட்டு எழும்புகிறவர்களை எனக்குத் தெரியும். கிளினிக்கில் அவர்கள் காலையும் கண்ணையும் காட்டுகிறார்கள், இதை மட்டும் சொல்வதில்லை. சொல்லுங்கள். அதுவும் சீனியோடு சேர்ந்த விஷயம்தான்.

நித்திரைக்கும் சீனிக்கும் தொடர்பு உண்டா?

1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயில்லாத 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். ஒரே வாரத்துக்குள் அவர்கள் உடம்பு குளுக்கோஸைக் கையாளும் திறன் வெகுவாகக் குறைந்தது. நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன்களும் மாறும். இரவு மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கும் இரவு வேலைக்காரர்களுக்கும் இதைத் தவிர்க்க முடியாது. அவர்கள் பகலில் இருட்டான அறையில், ஒரே நேரத்தில் படுக்கப் பார்க்க வேண்டும். கையில் ஃபோனோடு சாமம் வரை இருப்பவர்கள் தவிர்க்கலாம்.

நோன்பு, விரதம் இருக்கும்போது மூளை எதில் ஓடுகிறது?

முதலில் ஈரலின் சேமிப்பில். அது ஒரு இரவுக்கும் அதன் மேல் கொஞ்சத்துக்கும் போதும். அப்புறம் ஈரல், தசையிலிருந்து வரும் அமினோ அமிலத்தையும் கொழுப்பிலிருந்து வரும் கிளிசரோலையும் வைத்துப் புதிதாகக் குளுக்கோஸ் செய்யும். பட்டினி நாள்கணக்கில் நீண்டால், கொழுப்பிலிருந்து கீற்றோன் என்ற பொருளைச் செய்து கொடுக்கும். 1967இல் ஜோர்ஜ் காஹிலின் குழு, வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களின் மூளை தன் தேவையில் பெரும்பகுதியைக் கீற்றோனிலிருந்து எடுப்பதைக் கண்டது. அதுவரை மூளை குளுக்கோஸைத் தவிர வேறொன்றையும் எரிக்காது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஆரோக்கியமானவருக்கு நம் நாட்டு ரமழான் நோன்பின் 13, 14 மணித்தியாலம் ஒரு பிரச்சினையே இல்லை. சலரோகம் உள்ளவருக்குப் பிரச்சினை மருந்துதான். இன்சுலின் ஈரலின் மதகைப் பூட்டி வைத்திருந்தால் மூளை எவ்வளவு கத்தினாலும் சீனி வராது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே இருந்தாலும், ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டொக்டரிடம் போய் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. 70க்குக் கீழேயோ 300க்கு மேலேயோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். உம்மா, வாப்பா பிடிவாதமாக இருந்தால் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கும் அம்மாமாருக்கும் இதே கதைதான்.

உடம்பைக் குறைத்தால் பசி ஏன் இரண்டு மடங்காகிறது? எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

மனக்கட்டுப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். 1994இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிறீட்மனின் குழு லெப்டின் ஹோர்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்கள் லெப்டினைச் சுரந்து, சேமிப்பில் இவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. நீங்கள் மெலியும்போது லெப்டின் குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவையும் குறைக்கும். பருத்த உடம்பில் லெப்டின் நிறையச் சுரந்தாலும் மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை. மெதுவாகக் குறைப்பதும், பருப்பு, மீன், கீரை, குரக்கன் என்று வயிற்றில் நின்று தாங்குவதைச் சாப்பிடுவதும் உதவும்.

நடந்தால் எவ்வளவு குறையும்?

ஆளுக்கு ஆள் வேறுபடும். சுருங்கி விரியும் தசை இன்சுலின் இல்லாமலே சீனியை உள்ளே இழுக்கும். அதனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் மீற்றரில் தெரியும். கல்லடிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, வளவுக்குள்ளே நடந்தாலும் போதும்.

மூளைக்கு வைத்தியம் செய்து சலரோகத்தை மாற்ற முடியுமா?

எலிகளில் முடிந்திருக்கிறது. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், எஃப்ஜிஎஃப்1 என்ற புரதத்தை இரண்டாம் வகைச் சலரோகம் உள்ள எலிகளின் மூளைக்குள் ஒரே ஒரு தடவை செலுத்தினார்கள். வாரக்கணக்கில் சீனி இயல்பாகவே நின்றது. மனிதருக்கு இன்னும் அப்படி ஒரு வைத்தியம் இல்லை. யாராவது மூளையைத் தூண்டிச் சலரோகத்தைக் குணமாக்கும் எண்ணெய், கருவி என்று விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

மூளை வழியாகவும் வேலை செய்யும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும் செமாகுளுடைட் ஊசி அந்த வகை. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைப் போல் அது நடிக்கிறது. சதையியில் இன்சுலினைக் கூட்டுவதோடு, மூளையில் பசி பற்றிய பகுதிகளிலும் போய் அமர்ந்து போதும் என்று சொல்கிறது. விலை கூட. வாந்தி, வயிற்றுக் கோளாறு வரலாம். சிலருக்குப் பொருந்தவே பொருந்தாது. பிள்ளை அனுப்பினாலும் டொக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே போடுங்கள். ஏற்கெனவே இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவராக இருந்தால், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.